அடுப்படியில் பதினேழாம் கல்

சர்வேயர் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. அதுவரை என்னை யாரும் சந்தோஷமாக வரவேற்றதில்லை. வரப்பு அளக்கப் போனால் அண்ணன் ஒரு பக்கம் முறைப்பான், தம்பி ஒரு பக்கம் முறைப்பான். அளந்து முடித்ததும் இருவரும் சேர்ந்து என்னை முறைப்பார்கள். திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து டேப் பிடித்து நிமிரும்போது, "இந்தப் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று யாராவது சத்தமாகவே கேட்பார்கள். பழகிவிட்டது.

அதனால்தான் மாநில எல்லையை அளக்கும் வேலைக்கு ஆள் கேட்டபோது நானே போய்ப் பெயர் கொடுத்தேன்.

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் மேட்டின் உச்சியில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பதில்தான் தகராறு. சாலையை ஒட்டிய இடத்தில் சந்தேகமில்லை. சாலையை விட்டு உள்ளே போய்விட்டால் காடும் ஏலத்தோட்டமும் மாறி மாறி வரும். அங்கே ஒரு மண்பாதையை யாரோ அகலப்படுத்தப் போக, இரண்டு பக்கத்து அலுவலர்களும் வந்து, இது எங்கள் இடம் என்று எதிரும் புதிருமாக நின்றார்கள். கடைசியில் இரண்டு மாநிலத்திலிருந்தும் ஒவ்வொரு சர்வேயர் சேர்ந்து பழைய எல்லைக்கற்களைத் தேடிப்பிடித்து அளந்து, ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டும் என்று முடிவானது.

இரண்டு மாநிலத்துக்கு நடுவில் போகிற கோட்டின் கீழே என் கையெழுத்து. அந்த ஆசையில் ஒரு விஷயத்தை அலுவலகத்தில் சொல்லாமல் மறைத்தேன். எனக்கு அப்போது மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. சொன்னால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் கணவர் சின்னமனூரில் வாழைத்தார் கமிஷன் கடை நடத்துகிறார். "மலையேற்றம் வேணாமே" என்றார் இரண்டு நாள். மூன்றாம் நாள் அவரே பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தனுப்பினார்.

காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டுதான் ஏறுவேன். அந்தப் பெண்கள் தினமும் எல்லையைத் தாண்டிப் போய் வருகிறவர்கள். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டு, எல்லையை அளக்க என்றதும் ஒருத்தி சிரித்தாள். "நல்லா அளங்கக்கா. எங்க கூலியும் எந்தப் பக்கம் கூடன்னு சேத்துப் பாத்துச் சொல்லுங்க."

கேரளத் தரப்பு சர்வேயர் முதல்நாளே என்னோடு சண்டை போட்டார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், மழையில்லாத நாளிலும் கையில் குடை. அவர் ஒரு வரைபடத்தை விரித்தார், நான் ஒன்றை விரித்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை.

எங்கள் வரைபடத்தில் பதினாறாம் கல்லிலிருந்து பதினெட்டாம் கல்லுக்குக் கோடு நேராகப் போனது. அவர்கள் வரைபடத்தில் நடுவே பதினேழாம் கல் என்று ஒன்று இருந்தது. அந்த இடத்தில் கோடு முழங்கை மாதிரி மடங்கி எங்கள் பக்கமாக உள்ளே வந்து திரும்பியது. அந்த மடிப்பு சரியென்றால் ஒரு முக்கோணத் துண்டு நிலம் அவர்களுக்குப் போகும். பெரிய துண்டில்லை. நாலு வீடு கட்டலாம், அவ்வளவுதான். ஆனால் மாநில எல்லையில் நாலு வீட்டு இடம் என்பது சட்டசபை வரைக்கும் போகிற இடம்.

"பதினேழாம் கல்லே கிடையாது சார். எங்க ரிக்கார்டுல இல்ல" என்றேன்.

"எங்க ரிக்கார்டில உண்டு மேடம். பதினாறும் உண்டு, பதினெட்டும் உண்டு. நடுவில் ஒரு எண்ணை விட்டுட்டு யாராவது கல் நடுமோ?"

பதிலுக்கு நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். அன்றைக்கு முழுவதும் அவர் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார், நான் இந்தப் பக்கமே நின்றேன். அளவுக் கருவியின் முக்காலி மட்டும் நடுவில் நின்றது.

அடுத்த ஒரு வாரத்தில் மற்ற கற்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. சில கற்கள் லாண்டானாப் புதருக்குள் கிடந்தன. ஒன்றைப் பலா மரம் வேரால் கட்டிப்பிடித்து வைத்திருந்தது. முன்பு சமஸ்தானத்துக்கும் வெள்ளைக்காரர் ஆட்சிக்கும் எல்லையாக நட்ட கற்கள். முழங்கால் உயரம், தலையில் கூட்டல் குறி, பக்கவாட்டில் எண். பாசியைச் சுரண்டி எண் தெரியும்போது இருவருமே சண்டையை மறந்து குனிந்து பார்ப்போம். பதினாறு கிடைத்தது. பதினெட்டும் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் கல் இல்லை. ஒரு வீடு இருந்தது.

தகரக் கூரை போட்ட சின்ன வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு அடுப்படி, அடுப்படியை ஒட்டி மாட்டுக்கொட்டில். சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய முருக்கு மரங்கள். வீட்டுக்காரர் கம்பத்தைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். மனைவி மேட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்த மலையாள முஸ்லிம். அவர் ஏலத்தோட்டத்துக்குக் காவலாளாக வந்து, அங்கே காய் எடுக்க வந்த இவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டார் என்று ஜீப்பில் வந்த பெண்கள் சொல்லியிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் தமிழ் பேசியும் அவள் பேச்சு பாதி மலையாளமாகவே இருந்தது. அவருடைய மலையாளம் அதைவிட மோசம்.

அந்த வீட்டுக்குக் கரண்டு இல்லை. இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீடு எங்கள் எல்லையில் இருக்கிறது என்பதற்குக் காகிதம் கொண்டுவா என்று இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைத் தர யாராலும் முடியவில்லை. ஒரு சோலார் விளக்கு இருந்தது. மழைக்காலத்தில் அதுவும் அரைமணி நேரம்தான். அதனால் அவர்களுடைய ஒரே மகளைப் பத்தாம் வகுப்பிலிருந்து கம்பத்தில் அவளுடைய அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருந்தார்கள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மாதம் ஒருமுறை மேலே வருவாள்.

"அப்ப நீங்க அளந்தா காகிதம் கிட்டுமோ?" என்று அந்த வீட்டுக்கார அக்கா கேட்டாள்.

"அளந்து முடிச்சா கிடைக்கும்க்கா. நடுவுல ஒரு கல்லு இருந்துச்சாமே, பாத்திருக்கீகளா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் சிரித்தார். "இந்த மலையில கல்லுக்கா மேடம் பஞ்சம்? எந்தக் கல்லைச் சொல்றீக?"

மதியச் சாப்பாடு அன்றிலிருந்து அந்த வீட்டில்தான். நாங்கள் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்க உட்கார்ந்தால் அவள் வந்து பிடுங்கி வைத்துக்கொள்வாள். எனக்கும் கேரளக்காரருக்கும் எங்களோடு உதவிக்கு வந்த ஆட்களுக்கும் சேர்த்துப் பெரிய பானையில் சிவப்பரிசிக் கஞ்சி, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல், சில நாள் மரவள்ளிக்கிழங்கு. கேரள சர்வேயர் அவளை "இத்தா" என்பார், நான் "அக்கா" என்பேன். இரண்டுக்கும் திரும்புவாள்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அவள் அடுப்படியில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கடுகு போட்டாள். அந்த வாசனை வந்ததும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பினால் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோளே, விசேஷமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். "ஆஃபீஸ்ல சொல்லலக்கா. நீங்களும் சொல்லிராதீக."

"ஆரோடு பறைய? மாட்டோடா?" என்றாள். அப்படியே என் நெற்றியில் வேர்வையைத் தன் தலைத்துணியால் துடைத்தாள். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் தனியாகத் தாளிக்காத கறி. புளிக்கென்று எங்கிருந்தோ உப்பிலிட்ட நெல்லிக்காய். கேரளக்காரர் இதைக் கவனித்துவிட்டு, "இத்தாவுக்குத் தமிழ்நாட்டு மேல பிரியம் கூடுதலா?" என்று கேட்டார். "நீ பேசாண்டிரு. குடிச்சிட்டுப் போ" என்று அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள்.

அப்படி உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு மதியம்தான் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஊர் மலையில் இல்லை, கடற்கரை. அப்பா மீன்பிடிக்கிறவர். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரைக்கும் அந்தந்த மாநிலம் மீன்பிடிக்குச் சட்டம் போடலாம், அதைத் தாண்டினால் மத்திய அரசு, இன்னும் தாண்டினால் வேறு கணக்கு என்று அவர் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடல்ல எப்படிங்க தெரியும்? அங்கன கல்லு நட முடியுமா?" என்று கேட்டார்.

"அதுதானே. எங்க அப்பன் கரையில் பள்ளிவாசல் மினாராவையும் அதுக்குப் பின்னால் உள்ள குன்றையும் ஒரே நேரா வெச்சுப் பாக்கும். மினாரா குன்றுக்கு இடதுபக்கம் போயிட்டா, நம்ம எல்லை கழிஞ்சுன்னு திரும்பும். ஒருநாள் ரோந்துப் படகு வந்து நிறுத்தி, மெஷினைக் காட்டி, நீ கோட்டைத் தாண்டிட்டேன்னு சொல்லி வலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மெஷினா, மினாராவா எது சரின்னு அப்பனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்த மெஷினை நம்ம கையில வாங்கிப் பாத்துடணும்னுதான் நான் சர்வே படிச்சேன்."

"பாத்தீகளா? எது சரி?" என்று நான் கேட்டேன்.

"மெஷின்தான் சரி. அப்பனோடு இதுவரை சொல்லியில்லா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார். அன்றைக்குப் பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஆனால் கல் கிடைக்கவில்லை. மிளகுக்கொடிகளுக்கு நடுவே, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், ஓடைச் சரிவில் என்று தேடாத இடமில்லை. இன்னும் இரண்டு நாளில் கிடைக்கவில்லையென்றால், கல் இல்லை என்று எழுதி நேர்க்கோட்டையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் பக்கத்திலிருந்து சொன்னார்கள். நேர்க்கோடு வீட்டுக்கு மேற்கே, முப்பது அடி தள்ளிப் போனது. அப்படியானால் வீடு முழுசாகத் தமிழ்நாடு. முக்கோணத் துண்டும் தமிழ்நாடு. கேரளக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கல்லைக் காட்டாமல் அவராலும் எதுவும் பேச முடியவில்லை.

அதற்கு மறுநாள் காலை அவர் வரத் தாமதமானது. வீட்டுக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். ஜீப்பில் வந்த குலுக்கலில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. கொல்லையில் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தேன். கல்லின்மேல் கிடந்த கைலி நழுவி விழுந்தது. பக்கத்து வாளித் தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றிக் கழுவினேன்.

கல் படுத்துக் கிடந்தது. தண்ணீர் ஓடிய பக்கவாட்டில் சோப்புக் கறைக்கு அடியில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஏழு.

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கல்லின்மேல் ஒரு கைலியோ சாக்கோ கிடக்காத நேரமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்தேன். அக்கா எனக்காகச் சுடுதண்ணீர் டம்ளரோடு நின்றாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவளும் பார்த்தாள்.

"கல்யாணம் கழிஞ்ச புதுசுல வீடு கட்ட நெலத்தை நெரவுனோம்" என்றாள் மெதுவாக. "அடுப்படிக்கு நடுவுல இது நின்னுச்சு. எனக்கு அன்னைக்கு என்ன அறிவு? நல்ல வழவழன்னு இருக்கு, துணி துவைக்க ஆகும்னு நானும் ஆங்களையும் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தோம். அவரு கம்பத்துக்குப் போயிருந்தார். வந்து பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். அவருக்கு இது எல்லைக்கல்லுன்னு தெரியும். திரும்ப வைக்கலாம்னா, அதுக்குள்ள அடுப்பு போட்டாச்சு." ஆங்களை என்று அவள் சொன்னது தன் தம்பியை.

"இத்தனை வருசமா?"

"இத்தனை வருசமா. காக்கிச்சட்டை போட்ட ஆள் யாரு வந்தாலும் கைலியை எடுத்துக் கல்லு மேல போட்டுட்டு வந்துதான் வாங்கம்பார். ராவுல ஒறங்க மாட்டார், மோளே."

சுடுதண்ணீரை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எல்லைக்கல்லைப் பிடுங்குவது குற்றம். அது ஒருபக்கம். இன்னொரு பக்கம், இந்தக் கல் இருந்தது என்று நான் சொன்னால் எங்கள் வரைபடம் தப்பு என்று ஆகும். நிலம் போகும். இந்த வீட்டின் குறுக்கே கோடு விழும். சொல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும். வீடு முழுசாக ஒரு மாநிலத்தில் இருக்கும், நாளைக்கே கரண்டுக்கு எழுதிப் போடலாம். அந்தப் பெண்பிள்ளை அத்தை வீட்டிலிருந்து வந்துவிடலாம். கைலியை எடுத்து மறுபடி கல்லின்மேல் போட வேண்டியதுதான்.

அக்கா கீழே விழுந்த கைலியை எடுத்து உதறி, கொடியில் காயப் போட்டாள். கல் அப்படியே ஈரமாகக் கிடந்தது.

கேரளக்காரர் குடையோடு மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. எழுந்து போய்ச் சொன்னேன். "சார், உங்க பதினேழு கிடைச்சிருச்சு."

அவர் கல்லருகே மண்டியிட்டு எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "இத்தா, ஒரு சாயா தருமோ?" என்றார். என் பக்கம் திரும்பி, "எனக்கே சந்தேகமாத்தான் இருந்தது மேடம். எங்க வரைபடத்தில தப்பா எண் போட்டிருப்பாங்களோன்னு ரெண்டு நாளா தூங்கல" என்றார்.

வீட்டுக்காரர் மாட்டோடு திரும்பியபோது நாங்கள் மூவரும் கல்லைச் சுற்றி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். கல்லின்மேல் கைலி இல்லை. அவர் மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாமச் செஞ்சது தாயி. இவ மேல எழுதாதீக. நாந்தான் பிடுங்குனேன்னு எழுதிக்கங்க."

"பொய் சொல்லாதீக. ஞானாணு பிடுங்குனது" என்று அவள் குறுக்கே கத்தினாள்.

"ஏய், நீ செத்த சும்மா இரு."

இரண்டு பேரும் அந்தக் குற்றத்துக்காகச் சண்டை போட்டார்கள். கேரளக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

ஆனால் ஒரு கல் கிடைத்தால் போதாது. அது எங்கே நின்றது என்பதற்குச் சாட்சி வேண்டும். பழைய கேரளப் பதிவேட்டில் பதினாறிலிருந்தும் பதினெட்டிலிருந்தும் பதினேழுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று இருந்தது. இரண்டு பக்கமிருந்தும் கருவியை வைத்து அளந்துகொண்டே வந்தோம். அவர் அளந்தார், நான் சரிபார்த்தேன். பிறகு நான் அளந்தேன், அவர் சரிபார்த்தார். இரண்டு முறையும் புள்ளி அடுப்படிக்குள், அடுப்புத் திட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துவந்து அவரே தரையைப் பெயர்த்தார். ஒன்றரை அடிக்குக் கீழே, வட்டமாக இறுக்கி அடித்த சல்லிக்கற்கள் வந்தன. நடுவில் கல் நின்ற பள்ளம் அச்சுப்போல அப்படியே இருந்தது.

"நான் சொன்னேனில்லே, இங்கனதான்னு" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு அப்போது பயமே போய்விட்டிருந்தது.

இருவரும் வாசலில் உட்கார்ந்து அறிக்கை எழுதினோம். கல், இடம் பெயர்ந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. வீட்டுக்கு நிலம் நிரவும்போது எல்லைக்கல் என்று அறியாமல் அகற்றியிருக்கிறார்கள். அவர்களே இடத்தைக் காட்டினார்கள், அளவோடு ஒத்துப்போகிறது. இதில் ஒரு வரியும் பொய்யில்லை. கடைசியில் கேரளக்காரர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். கல்லை முதலில் கண்டு தெரிவித்தவர் தமிழ்நாட்டுத் தரப்பு நில அளவர் என்று. "இது எதுக்கு சார்?" என்றேன். "வேணும்" என்றார்.

அலுவலகத்தில் என் மேலதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நம்ம எடத்தை நீங்களே தேடிப்பிடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீகளே" என்றார். திட்டுகிறாரா, கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை. "அது நம்ம எடம் இல்லைங்க சார்" என்றேன். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். அதே மூச்சில், நான் இன்னொரு காகிதத்தையும் நீட்டினேன். பிரசவ விடுப்பு சம்பந்தமான கடிதம். அதைப் படித்ததும்தான் உண்மையாகத் திட்டினார்.

கல்லைத் திரும்ப நடும்போது எனக்கு ஏழாவது மாதம். யாரும் கூப்பிடாமலே போனேன். இரண்டு பக்கத்துப் பெரிய அதிகாரிகளும் வந்திருந்தார்கள். வீட்டை இடிக்க வேண்டியதில்லை, நிலம் வீட்டுக்காரர்களுடையதுதான், கோடு மட்டும்தான் அரசாங்கத்துடையது என்று முடிவாகியிருந்தது. கல்லை அதன் பழைய பள்ளத்திலேயே இறக்கி, அடுப்புத் திட்டு உயரத்துக்கு நிற்கும்படி சிமெண்ட் போட்டார்கள். இரண்டு அறையும் தமிழ்நாடு. அடுப்படியில் பாதியும் மாட்டுக்கொட்டிலும் கேரளம். சட்டி கேரளத்தில் கொதிக்கும், சோறு தமிழ்நாட்டில் தின்போம் என்று வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதிகாரிகள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு என்னிடம் கேட்டாள், "எல்லாம் செரி. இனி துணி எதுல துவைக்க?"

அதற்குப் பிறகுதான் உண்மையான எல்லைத் தகராறு. காகிதம் கைக்கு வந்தது. கரண்டை எந்தப் பக்கத்திலிருந்து வாங்குவது?

கேரளத்து மின்கம்பம் மிளகுத் தோட்டத்தைத் தாண்டியதும் நின்றது. தமிழ்நாட்டு மின்கம்பம் கீழே, காட்டுக்குள் வெகுதூரம் தள்ளி. ஆனால் வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றார். "நான் ஓட்டுப் போடுறது கம்பத்துல. ரேசன் கார்டு கம்பத்துல. என் வீட்டு லைட்டு மட்டும் அந்தப் பக்கத்துல இருந்து எரியணுமா?"

"நான் அந்தப் பக்கத்துல இருந்துதானே வந்தேன். என்னை வேணான்னீகளா?" என்றாள் அவள்.

ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அவர் எனக்குப் போன் செய்வார், அவள் கேரளக்காரருக்குப் போன் செய்வாள். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் போன் செய்து, இதில் நாம் தலையிடக்கூடாது என்று பேசிக்கொள்வோம். வரப்புத் தகராறில் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறேன். இந்த இருவரையும்போல, ஒருத்தருக்கு ஒருத்தர் சோறு பரிமாறிக்கொண்டே சண்டை போட்டவர்களைப் பார்த்ததில்லை. கடைசியில் மகள் கம்பத்திலிருந்து போன் போட்டாள். "அத்தா, தமிழ்நாட்டுக் கம்பி காட்டுக்குள்ள வந்து சேர்றதுக்குள்ள நான் காலேஜே முடிச்சிருவேன். பரவாயில்லையா?" என்று கேட்டாளாம். அவர் அன்று மாலையே கேரளப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்து, "அவ சொன்னான்னு இல்ல தாயி, பிள்ளை சொன்னா" என்று விளக்கமும் சொன்னார்.

மீட்டர் கேரளத்து அடுப்படிச் சுவரில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார்கள். நான் பிரசவம் முடிந்து காமயகவுண்டன்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். அந்த அக்கா ஸ்விட்சைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். "மதி, பல்பு போயிரும்" என்று பின்னாலிருந்து அவர் தன் அரைகுறை மலையாளத்தில் சொன்னார். மதி என்றால் போதும். மகள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி சேருவதற்குள் இரண்டு மாதமாவது வீட்டில் இருந்துவிட்டுப் போகிறேன் என்று மேலே வந்துவிட்டிருந்தாள்.

கேரளக்காரர் மாறுதல் வாங்கிக்கொண்டு தன் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அப்பாவுக்கு முடியவில்லை, பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். எனக்கு மகள் பிறந்ததைச் சொல்ல நான் கூப்பிட்டபோது பின்னால் கடல் இரைச்சல் கேட்டது. எந்த மாநிலத்துக் குழந்தை என்று கேட்டார். தேனி ஆஸ்பத்திரியில் பிறந்தாள், இதில் தகராறு எதுவும் வேண்டாம் என்றேன்.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது கணவனும் மனைவியும் மலையிறங்கி என் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். அவர் தோளில் ஒரு சாக்கு. உள்ளே சிவப்பரிசி, மிளகு, ஒரு சீப்பு நேந்திரம்பழம். அவள் உட்காரக்கூட இல்லை. கையைக் கழுவிவிட்டு நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையை எடுத்து, காதுக்குள் ஏதோ ஓதினாள். என் அம்மா அவளுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். இவள் அதை ஒரு கையால் தின்றுகொண்டே, மறுகையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே, பிள்ளை பெற்றவளுக்கு என்னவெல்லாம் கொடுக்கவேண்டும் என்று என் அம்மாவோடு வாதாடினாள். என் அம்மாவுக்கு அவள் பேச்சில் பாதி புரியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாள்.

சாயந்திரம் டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். பஸ் வந்துவிட்டது, அவர் ஏறி இடம் பிடித்துவிட்டார், அவள் இன்னும் குழந்தையை இறக்கவில்லை. "ஏய், வர்றியா, இல்ல இங்கனயே இருந்துர்றியா?" என்று அவர் ஜன்னல் வழியே சத்தம் போட்டார். அவள் குழந்தையை என் கையில் தந்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "மோளே, நீ கழிச்சிட்டுத்தான் அவளுக்குக் குடுக்கணும், மறக்காதே" என்று கத்தினாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் குழந்தைக்குப் பால் கொடுக்கவேண்டுமாம். பக்கத்தில் நின்ற என் அம்மா, அதைத்தானே நானும் தினமும் சொல்கிறேன் என்றாள்.